காலையில் இறுகியிருந்த லீவர்

பிரேக் லீவர் இறுகிவிட்டது, வேலை முடிந்தது என்று உங்களில் யாராவது வந்து சொன்னால், எப்போது இறுகியது என்று நான் கேட்பேன். உங்களுக்கு அது அபத்தமான கேள்வியாகப் படலாம். இறுகியது இறுகியதுதானே, அதற்கு நேரம் எதற்கு? ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிலிமத்தலாவை கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுத உட்கார்ந்ததும் முதலில் வந்து நின்றதும் அதுதான்.

பிரேக் ஒயில் மாற்றுவது எப்படி என்று எழுதப்போவதில்லை. அது கையேட்டில் தெளிவாக இருக்கிறது. கையேட்டை நீங்கள் வாசிப்பதில்லை என்பது வேறு விடயம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் காகிதம் போதாது. நான் சொல்ல வந்தது தெல்தோட்டையில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலும் அடுத்த நாள் காலையும் நடந்ததை. அதில் பெரிய தவறு செய்தவள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வேறு யார்மீதாவது நீங்கள் கோபப்பட்டுவிடக் கூடாது.

வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது. உதிரிப்பாகம் கேட்டு வருபவர்களிடம் கைவிரிப்பதே கடைக்காரர்களின் முழுநேரத் தொழிலாகியிருந்தது. தெல்தோட்டைக்கு மேலே தேயிலை மலைகளுக்குள், அண்ணன் முறையில் எல்லாரும் ‘நானா’ என்று கூப்பிடும் பஸ்லி ஒரு சவாரி இடம் நடத்தினார். மோட்டார் சைக்கிளுடையதைப் போன்ற கைப்பிடியும் நான்கு பருத்த சக்கரங்களும் கொண்ட ஏ.டி.வி. வண்டிகள் நான்கு அவரிடம் இருந்தன. சுற்றுலா வருபவர்கள் அவற்றில் ஏறி, மண்பாதை வழியே மலையிலிருந்து ஓடைக்கரை வரை இறங்கித் திரும்புவார்கள். வீதியில் ஓடும் வண்டிகள் அல்ல என்பதால் அவை எங்களிடம் வருவதில்லை. நாங்கள்தான் வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு அவற்றிடம் போவோம்.

நான்கில் ஒன்றுக்கு மட்டும் பின்னால் அகன்ற இருக்கை இருந்தது. அந்த வண்டியின் முன்சக்கரங்களைக் கவ்வி நிறுத்தும் பிரேக் கலிப்பர் இரண்டும் துருப்பிடித்து அசையாமல் போயிருந்தன. புதியவை கிடைக்கவில்லை. விபத்தில் நொறுங்கிய இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய ஒரு சோடியை, பஸ்லி நானா எங்கிருந்தோ ஓர் உரப்பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவற்றைப் பொருத்தி, பழைய பிரேக் ஒயிலை முழுவதும் அகற்றி, புதியதை ஊற்றி, குழாய்களுக்குள் நிற்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். நாம் ‘எயார் எடுக்கிறது’ என்று சொல்கிற வேலை. இரண்டு மணி நேரம் என்று கணக்கிட்டுப் போனேன்.

என்னுடன் வந்தவர் செல்வராஜ். புசல்லாவைக்காரர், நாற்பது வயதிருக்கும். எங்கள் கராஜில் அவருடைய கைக்கு இணையான கை அப்போது இல்லை. அவரிடம் எனக்கிருந்த ஒரே முறைப்பாடு, எதைக் கேட்டாலும் “சரியாயிரும் மிஸ்” என்று அவர் சொல்வது. இயந்திரம் எரிந்து சாம்பலானாலும் அந்தச் சாம்பலைப் பார்த்து அதையே சொல்வார் என்று நினைத்துக்கொள்வேன்.

உரப்பையிலிருந்து கலிப்பர்களை எடுத்தபோது அவர் கேட்டார்: “மிஸ், இதுல எது வலது, எது எடது? அடையாளம் ஒன்னும் இல்லீங்களே.”

நான் தொலைபேசியில் இருந்தேன். பிலிமத்தலாவையில் ஒரு வாடிக்கையாளர் மூன்றாவது முறையாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியைக் கையால் மறைத்துக்கொண்டு, “பொருந்துதோ பாருங்கோ. பொருந்தினால் சரிதானே” என்றேன்.

அவை பொருந்தின. இரண்டு பக்கமும் ஆணித் துளைகள் ஒழுங்காக வந்து அமர்ந்தன. “பொருந்தினால் சரி” என்று புதியவர்கள் சொல்லும்போதெல்லாம் அரை மணி நேரம் வகுப்பெடுத்தவள் நான். அன்று அதைச் சொன்னேன் என்பதுகூட அடுத்த நாள்வரை எனக்கு உறைக்கவில்லை.

பிறகு எயார் எடுக்கத் தொடங்கினோம். செல்வராஜ் லீவரை அமத்திப் பிடிக்க, நான் சக்கரத்தடியில் குந்தியிருந்து, கலிப்பரிலுள்ள சிறு திறப்பான நிப்பலைத் திறந்து மூடினேன். நிப்பலில் மாட்டிய மெல்லிய குழாய் வழியே ஒயில் வெளியேறி ஒரு போத்தலுக்குள் விழும். அதனுடன் குமிழ்களும் வரவேண்டும்.

“பிடிச்சிருக்கிறியளோ?”

“பிடிச்சிருக்கேங்க.”

“இனி விடுங்கோ.”

இதை எத்தனை தடவை சொன்னோம் என்று தெரியாது. சற்று நேரத்தில் இடத்தை மாற்றிக்கொண்டோம். என் முழங்கால் குந்தியிருக்க மறுத்தது. நிப்பலடியில் அமர்ந்த செல்வராஜ் மகிழ்ச்சியோடு சொன்னார்: “இந்த கலிப்பரு நல்ல வசதி மிஸ். கொழாய் நேரா போத்தலுக்குள்ளயே எறங்குது. மத்த வண்டியில எல்லாம் வளைச்சி வளைச்சி வைக்கணும், கையெல்லாம் ஒயில்.”

“ஓம், நல்லதுதான்” என்றேன்.

அந்த உரையாடலை நினைத்தால் இன்றும் தலையில் கைவைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. விடை எங்கள் இருவரின் வாயிலிருந்தும் வெளிவந்து, தரையில் விழுந்து, போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது. நாங்கள் அதைத் தாண்டிப் போய் வேறெங்கோ தேடினோம்.

குமிழ் வரவில்லை. தெளிந்த புதிய ஒயில் மட்டும் ஒழுங்காக வந்தது. லீவரோ, உள்ளே இன்னும் காற்று நிற்கிறது என்பதற்கு அடையாளமாக, பஞ்சுத் தலையணையை அமுக்குவதுபோல் கைப்பிடிவரை போனது. குழாயைச் சந்தேகித்தோம். லீவருக்கருகிலுள்ள ஒயில் தாங்கியின் இறப்பர் வளையத்தைச் சந்தேகித்தோம். ஈரக் காற்றில் ஒயில் நீரை உறிஞ்சிவிட்டதோ என்று, மூடி திறக்காத இன்னொரு போத்தலை உடைத்து ஊற்றினோம். நாங்கள் வேலை செய்த வண்டிக் கொட்டகைக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்லி நானா கால் மணிக்கொரு தரம் வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன மிஸ், இன்னம் ஆகல்லயா? நாளைக்குக் காலையில ஒரு உம்மாவும் மகளும் வாராங்க. அந்தப் புள்ளைக்குப் பத்து வயசு. பின்னுக்கு ஒக்காந்துதான் போக ஏலும். இந்த வண்டி இல்லாட்டி அவங்களுக்கு வண்டியே இல்ல.”

அந்தச் சிறுமிக்காக ஒரு சிவப்புத் தலைக்கவசத்தை அவர் ஏற்கெனவே துடைத்துக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்தார்.

“சரியாயிரும் நானா” என்றார் செல்வராஜ்.

என்னைப் பொறுமைசாலி என்று பலரும் சொல்வார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் ஆண்கள் மட்டுமே வேலை செய்த கராஜில் ஒருத்தி மேற்பார்வை பார்த்தாள் என்றால் பொறுமை இல்லாமல் முடியாது. அந்தப் பொறுமை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அறுந்தது.

“சரியாயிரும், சரியாயிரும் எண்டு எத்தினை தரம் சொல்லுவியள் செல்வராஜ்? நாலு மணித்தியாலமாய் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறன். நாளைக்குக் காலமை நான் வரேக்கை இந்த லீவர் இறுகியிருக்க வேணும். இல்லையெண்டு ஒரு கதையும் எனக்குச் சொல்லக் கூடாது.”

பஸ்லி நானா தலைக்கவசத்தை மறுபடியும் துடைத்தார். செல்வராஜ் கருவிகளை அடுக்கினார். அவருடைய மைத்துனர் வீடு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தது. அங்கே தங்குவதாகச் சொல்லிவிட்டார். நான் வேனில் கண்டிக்குத் திரும்பினேன். வழியெல்லாம் அவரைப் பற்றியே எரிச்சலோடு எண்ணிக்கொண்டு வந்தேன். வண்டியைப் பற்றி எண்ணியிருக்கலாம்.

மறுநாள் எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்திருந்தது. பஸ்லி நானா வாசலிலேயே நின்றார்.

“வாங்க மிஸ், வந்து புடிச்சுப் பாருங்க. கல்லு மாதிரி ஈக்கி!”

பிடித்துப் பார்த்தேன். கல்லுத்தான். மூன்று முறை அமத்தினேன். லீவர் பாதியிலேயே நின்றது.

“சரியோ, செல்வராஜ்?”

“சரிங்க மிஸ்.”

அவர் என்னைப் பார்க்காமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். முன்தினம் நான் திட்டியதில் மனவருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். பணித்தாளில் கையெழுத்திட்டேன்.

இங்கே நம் கராஜின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வண்டி வெளியே போகுமுன் பணித்தாளில் கையெழுத்து வைத்தவரே அதை ஓட்டிக்கொண்டு இறக்கத்தில் முதலில் இறங்க வேண்டும். என்னை வேலைக்கு எடுத்த மேலாளர் ஏற்படுத்திய வழக்கம் அது. அவர் பெயரை எழுதினால் கோபிப்பார், எழுதவில்லை. ‘பேனாவுக்குப் பிரேக் தேவையில்லை, அதனால்தான் அது எதற்கும் கையெழுத்து வைக்கிறது’ என்பார். நானும் ஆண்டுக்கணக்கில் அப்படி இறங்கியவள்தான். முழங்கால் கெட்ட பிறகு, “நீங்க இருங்க மிஸ், நான் போறேன்” என்று செல்வராஜ் என் சார்பில் இறங்கத் தொடங்கினார். அன்பான ஏற்பாடு. கையெழுத்து ஒருவருடையது, உயிர் இன்னொருவருடையது என்று அது மாறிவிட்டதை இருவரும் கவனிக்கவில்லை.

அந்த உம்மாவும் மகளும் அப்போதுதான் வந்து, கொட்டகைக்கு வெளியே கதிரைகளில் அமர்ந்து தேநீர் குடித்தார்கள். சிவப்புத் தலைக்கவசம் ஏற்கெனவே சிறுமியின் தலையில் ஏறியிருந்தது. செல்வராஜ் தன்னுடைய கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மண்பாதைக்கு மூன்று வளைவுகள். மூன்றாவதற்கு அப்பால் பாதை நேராக ஓடையின் பாறைகளை நோக்கி விழும். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி எடுக்க வேண்டும் என்பது ஒழுங்கு. மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாவது வளைவில் நின்றார். இரண்டாவதில் நின்றார், ஆனால் வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளி. அங்கிருந்து ஒரு தடவை மேலே திரும்பி எங்களைப் பார்த்தார். அப்போதே நான் கத்தியிருக்க வேண்டும். மூன்றாவதை நோக்கி இறங்கியபோது அவருடைய வலக்கை ஒரே மூச்சில் மூன்று நான்கு தரம் லீவரை அமத்தியது தெரிந்தது. வண்டி வேகம் குறையவில்லை. பின்பக்கப் பிரேக்கைக் காலால் மிதித்தார். பின்சக்கரங்கள் ஈர மண்ணில் சறுக்கின. வளைவுக்கு முன்னால் கைப்பிடியை மலைப்பக்கம் ஒடித்துத் திருப்பி, மேட்டில் ஏற்றினார். வண்டி ஏறி, தயங்கி, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. செல்வராஜ் தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தார்.

என் முழங்கால் அன்று எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் போய்ச் சேரும்போது அவர் செடிகளுக்கு நடுவே எழுந்து உட்கார்ந்து, இரத்தம் வடியும் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒன்னும் இல்ல மிஸ். தேயிலை புடிச்சிக்கிருச்சு.”

“அல்லாஹ் காப்பாத்தினான்” என்று பஸ்லி நானா மண்ணிலேயே அமர்ந்துவிட்டார். மேலே தேநீர்க் கோப்பையோடு நின்ற தாயையும், பக்கத்தில் தெரிந்த சிவப்புப் புள்ளியையும் அவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அதன் பிறகுதான் வண்டியைப் பார்த்தேன். அது பக்கவாட்டில் கிடந்ததால் அதன் அடிவயிறு முழுவதும் எங்களை நோக்கியிருந்தது. சேறு படிந்த அடித்தகடு, அதன் ஆணிகள், ஒயில் வடிக்கும் மூடி எல்லாம் எங்களைப் பார்த்தன. அவற்றோடு சேர்ந்து, மேலே தூக்கி நின்ற சக்கரத்தின் உட்புறத்திலிருந்து கலிப்பரின் நிப்பலும் எங்களையே பார்த்தது. வண்டி நிமிர்ந்து நின்றால் அந்த நிப்பல் நிலத்தைப் பார்க்கும். அது வானத்தைப் பார்க்க வேண்டியது.

வலது கலிப்பர் இடப்பக்கத்திலும், இடது வலப்பக்கத்திலும் இருந்தன. நிப்பல் கீழே போய்விட்டது. காற்று எப்போதும் மேலே நிற்கும். முக்கால்வாசி நிரம்பிய போத்தலின் அடியில் துளையிட்டுவிட்டு, மேலே நிற்கும் காற்று அதன் வழியாக வரும் என்று நாலு மணி நேரம் காத்திருந்தது போலத்தான் அது. குழாய் நேராகப் போத்தலுக்குள் இறங்கிய வசதியின் பொருள் அதுதான்.

ஆனால் காலையில் ஏன் இறுகியிருந்தது? கேட்க வாயெடுக்கும் முன் செல்வராஜ் சொன்னார்.

“மிஸ், நான் ஒன்னு சொல்லணும். நேத்து நீங்க போன பொறவு, லீவரை அமுக்கி டயர் டியூப் துண்டால இறுக்கிக் கட்டிட்டேன். காலையில நீங்க வர முன்னால அவுத்தேன்.”

நம் தொழிலில் பலரும் செய்வதுதான். இரவு முழுவதும் அழுத்தத்தில் இருந்தால் உள்ளே நிற்கும் காற்று சுருங்கி, ஒயிலுக்குள் கரைந்து ஒடுங்கும். காலையில் லீவர் இறுகியதுபோல் தோன்றும். சில வேளை அதனால் உண்மையாகவே நன்மையும் உண்டு. அதனால்தான் அந்தப் பழக்கம் சாகவில்லை. இறக்கத்தில் இரண்டு தரம் பிடித்து, பிரேக் சூடேறியதும் ஒடுங்கிய காற்று பழையபடி விரிந்துவிடும்.

எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில், “இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்றேன்.

அவர் முழங்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒரு கதையும் சொல்லக் கூடாதுன்னீங்களே மிஸ்.”

பஸ்லி நானா மெதுவாகச் சொன்னார்: “நேத்து மிஸ் பேசின பேச்சுக்கு நானே பயந்திட்டன். செல்வராஜ் என்ன செய்வார்?”

செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு இதை எண்ணிப் பார்த்தேன். லீவர் இறுகியிருக்க வேண்டும் என்று கேட்டேன், இறுக்கித் தந்தார். பிரேக் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவேயில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று இந்தத் தொழிலில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அந்த டியூப் துண்டைக் கட்டியது அவருடைய கை. கட்ட வைத்தது என் வாய். அவர் அதிலேயே இறங்கியும் போனார். தனக்குத் தெரிந்த ஆபத்தில் தானே முதலில் இறங்கினார் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. வளைவுக்கு வளைவு தள்ளிப்போய் நின்றபோது, திரும்பி வர வழியில்லாமல் எங்களைப் பார்த்தாரே, அந்தப் பார்வையை நானும் மறக்கப்போவதில்லை.

“செல்வராஜ், எது வலது எது இடது எண்டு நீங்கள் கேட்டனீங்கள். பொருந்தினால் சரி எண்டு சொன்னது நான்” என்றேன்.

“ஆமாங்க” என்றார். “போன்ல இருந்தீங்க” என்று எனக்காக ஒரு சாட்டும் சேர்த்துக்கொண்டார். அதுதான் அன்று என்னை மிகவும் வெட்கப்படுத்தியது.

பஸ்லி நானா மேலே போய் அந்தத் தாயிடம் இன்று வண்டி இல்லை என்று சொன்னார். சிறுமி கவசத்தைக் கழற்ற மறுத்து அழுததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பணித்தாளில் என் கையெழுத்தைக் கோடிட்டு அடித்தேன். செல்வராஜின் கைக்குக் கட்டுப் போட்டோம். வண்டியைக் கயிறு கட்டி மேலே இழுத்து, கலிப்பர்களைக் கழற்றிப் பக்கம் மாற்றி, மறுபடி தொடங்கினோம். செல்வராஜுக்குக் கை வலித்ததால் லீவரைப் பிடிக்கும் வேலை பஸ்லி நானாவுக்கு வந்தது. செல்வராஜ் மற்றக் கையால் நிப்பலைத் திறந்து மூடினார்.

“நானா, நான் விடச் சொன்னேனா? ஏன் விட்டீங்க?”

“கை வலிக்குது அப்பனே, நான் என்ன மெக்கானிக்கா?”

“புடிங்க, புடிங்க. காத்து திரும்பி உள்ள போயிரும்.”

நிப்பலைத் திறந்த முதல் தடவையிலேயே குழாய்க்குள் குமிழ்கள் சோற்றுப்பானை கொதிப்பதுபோல் பொங்கி வந்தன. முன்தினப் பிற்பகல் முழுவதும் எங்களுக்கு மேலே நின்று வேடிக்கை பார்த்த காற்று அது. குழாய் வளைந்து நின்றது, கையெல்லாம் ஒயில். ஒருவரும் முறையிடவில்லை.

வேலை முடிந்தபோது நடுப்பகல். “சரியோ?” என்று கேட்க வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் ஒரே பதில்தான் உண்டு. “செல்வராஜ், இதிலை உங்களுக்கு இன்னும் எது பிடிக்கேல்லை?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு யோசித்து, இடப்பக்கத்து ஆணி ஒன்றை இன்னொரு தரம் முடுக்கவேண்டும் என்றார். முடுக்கினோம். ஓய்வு பெறும்வரை எல்லாரிடமும் அப்படித்தான் கேட்டேன். என்னைக் குறைபிடிக்கும் பெண் என்று பலர் சலித்துக்கொண்டார்கள். இருக்கட்டும்.

கையெழுத்து வைத்தேன். கவசத்தைக் கேட்டேன்.

“மிஸ், முழங்காலு...” என்றார் செல்வராஜ்.

“கையெழுத்து முழங்காலாலை வைக்கேல்லை” என்றேன்.

முதலாவது வளைவில் நின்றேன், இரண்டாவதிலும். மூன்றாவதுக்கு முன்னால், தேயிலைச் செடிகள் நசுங்கிக் கிடந்த இடத்துக்கு நேரே, லீவரை அமத்தினேன். வண்டி நின்றது. மறுபடி ஓடவிட்டு மறுபடி நிறுத்தினேன். சூடேறட்டும் என்று ஐந்தாறு தரம். ஒவ்வொரு தரமும் லீவர் ஒரே இடத்தில் நின்றது. பிறகு வண்டியிலிருந்து இறங்க முயன்றேன். முழங்கால் மறுத்துவிட்டது. உள்ளே அத்தனை ஆண்டு அனுபவமும் வெளியே சிவப்புச் சேறுமாக, ஒரு வண்டியின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

செல்வராஜ் கட்டுப் போட்ட கையோடு பாதையில் இறங்கி வந்தார். எனக்குக் கைகொடுக்கத்தான் வருகிறார் என்று கையை நீட்டினேன்.

“பிரேக் சரி, செல்வராஜ்” என்றேன்.

“கொஞ்சம் கைய எடுங்க மிஸ்” என்றார். கைப்பிடியிலிருந்த என் மற்றக் கையை விலக்கிவிட்டு, லீவரைத் தன் கையால் அமத்திப் பிடித்து, சற்று நேரம் அப்படியே வைத்திருந்து, அது தளர்கிறதா என்று பார்த்தார். அதன் பிறகுதான் என்னை இறக்கிவிட்டார்.